எலும்பு போனது, எழுத்து நின்றது



கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஜுராசிக் பார்க் மூன்றாம் படத்தைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். "தாத்தா, டி-ரெக்ஸும் ஸ்பைனோசரஸும் நிஜமாவே சண்டை போட்டா யார் ஜெயிப்பாங்க?" என்றான். 2001-இல் வந்த அந்தப் படத்தில் ஸ்பைனோசரஸ் டி-ரெக்ஸின் கழுத்தை முறித்துக் கொன்றுவிடும். எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்டா" என்று சமாளித்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். பேரனுக்கு வேண்டிய பதில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு நான் படித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் வேறு.

முதலில் அவனுக்கான பதில். அந்தச் சண்டைக்கு வழியே இல்லை. ஸ்பைனோசரஸ் சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. டி-ரெக்ஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவில், அதுவும் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

இனி என்னைப் பிடித்து உட்கார வைத்த கதை.

எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் ஜெர்மானியர், பிரபு குடும்பத்தவர், மியூனிக் நகரத்து தொல்லுயிர் ஆய்வாளர். 1911-இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் உள்ள பஹரியா சோலைக்கு ஒட்டகத்தில் போய்ப் புதைபடிவங்களைத் தேடினார். அவர் ஊர் திரும்பிய பிறகும் ரிச்சர்ட் மார்க்கிராஃப் என்ற சேகரிப்பாளர் அவருக்காகத் தேடிக்கொண்டிருந்தார். அடிக்கடி நோயில் படுப்பவர் அவர். 1912-இல் அவர் கையில் அகப்பட்டவை ஒரு கீழ்த்தாடையின் பகுதி, சில பற்கள், முதுகெலும்புகள். அந்த முதுகெலும்புகளிலிருந்து மேல்நோக்கி நீண்ட முட்கள் கிளம்பின. மிக உயரமான முள் 1.65 மீட்டர், ஏறத்தாழ ஓர் ஆள் உயரம்!

1915-இல் ஸ்ட்ரோமர் அதற்கு 'எகிப்தின் முள் பல்லி' என்று பொருள்படும் பெயரிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு எலும்பையும் அளந்து, வர்ணித்து, நுணுக்கமான படங்களோடு அச்சிட்டார். ஊகிக்க வேண்டிய இடத்தில் ஊகம் என்றே எழுதினார்.

எலும்புகள் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. இரண்டாம் உலகப்போர் வந்தது. குண்டுவீச்சு நெருங்குகிறது, சேகரிப்பைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஸ்ட்ரோமர் மன்றாடினார். அவர் நாஜிகளை வெளிப்படையாக விமர்சித்தவர். இயக்குநரோ நாஜிக் கட்சிக்காரர். மாற்ற மறுத்துவிட்டார். 1944 ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. கட்டடம் எரிந்தது. உலகில் இருந்த ஒரே ஸ்பைனோசரஸ் எலும்புக்கூடு சாம்பலாயிற்று. ஸ்ட்ரோமரின் மூன்று மகன்களில் இருவர் அதே போரில் மாண்டார்கள். மூன்றாமவர் சோவியத் சிறையிலிருந்து 1950-இல்தான் திரும்பினார். இரண்டு ஆண்டுகளில் ஸ்ட்ரோமரும் காலமானார்.

என் உத்தியோகம் முப்பத்து நான்கு வருடம் ஓர் அலுவலகத்தின் ஆவண அறையில். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி ஒரு அலமாரிப் பதிவேடுகள் முழுவதும் கூழாகிவிட்டன. முன்கூட்டியே மேலிடத்துக்கு எழுதியிருந்தோம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று நான் ஈரக் காகிதங்களைப் பிரித்து வெயிலில் காயவைத்தது நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரோமர் பட்ட வேதனையில் ஒரு துளியாவது எனக்குப் புரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நிசார் இப்ராஹிம் என்ற இளம் ஆய்வாளர் 2008-இல் மொரோக்கோவின் எர்ஃபூத் ஊரில், மீசை வைத்த ஒரு மனிதர் அட்டைப்பெட்டியில் காட்டிய எலும்புகளைப் பார்த்தார். மறு ஆண்டு இத்தாலியின் மிலான் அருங்காட்சியகத்தில், வியாபாரி ஒருவர் மூலம் வந்த எலும்புகளைக் கண்டபோது இரண்டும் ஒரே விலங்கினுடையவை என்று பொறி தட்டியது. எந்த இடத்தில் தோண்டியது என்று தெரிந்தால்தானே பயன்? அந்த மனிதரின் பெயரோ விலாசமோ தெரியாது, மீசை மட்டும்தான் அடையாளம். 2013-இல் தேடிச் சலித்து எர்ஃபூத் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அதே மீசைக்காரர் எதிரே நடந்து போனார்! ஓடிப் பிடித்தார். தோண்டிய குழியை அவர் காட்டிக் கொடுத்தார்.

கிடைத்த எலும்புகளை ஸ்ட்ரோமரின் பழைய படங்களோடும் அளவுகளோடும் பொருத்திப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 15 மீட்டர் நீளம் என்று கணித்தார்கள். முதலையைப் போல் நீண்ட மூஞ்சி. இறைச்சியை அறுக்கும் ரம்பப் பல் இல்லை, வழுக்கும் மீனைக் கவ்விப் பிடிக்கும் கூம்புப் பல். மூக்குத் துளைகள் பின்னுக்குத் தள்ளி இருந்தன. மூஞ்சியின் நுனியில் சிறு குழிகள், நீரின் அசைவை உணர்வதற்கு. பின்னங்கால்கள் குட்டை, எலும்புகள் கனம். அதே குழியில் கிடைத்த வாலைப் பற்றி 2020-இல் எழுதினார்கள். துடுப்பு போல் அகன்ற வால்! அது வாழ்ந்த ஆறுகளில் ஆளைவிடப் பெரிய மீன்கள் இருந்தன.

அது நீந்தித் துரத்தியதா, நம் ஏரிக்கரைக் கொக்கு மாதிரி ஆழமில்லாத நீரில் நின்று கொத்தியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மீன் தின்றது என்பதில் சண்டையில்லை.

மறுநாள் பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் அவன், "அந்தத் தாத்தா எழுதி வைக்கலேன்னா?" என்று கேட்டான். அப்படியானால் மொரோக்கோவில் கிடைத்தது எந்த விலங்கு என்றே அடையாளம் சொல்லியிருக்க முடியாது என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் நனைந்த பதிவேடுகளில் ஒன்றுக்கு மட்டும் நகல் இருந்தது. எனக்கு முன் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த ஒரு குமாஸ்தா, யாரும் கேட்காமலே கையால் எழுதி வைத்திருந்தார். ஒரு விதவைத் தாயின் அரை ஏக்கர் நிலம் அதனால் பிழைத்தது. அவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது அவர் இல்லை. இங்கே சொல்லி வைக்கிறேன்.