இண்டிகா என்றொரு பெயர்

தானா ராத்தாவுக்கு வந்துவிட்டுத் தேயிலைப் பெட்டி வாங்காமல் மலை இறங்குபவர்கள் குறைவு. இங்கே அதிகம் விற்கும் 'போ' தேயிலையின் பெயர் சீனாவின் வூயி மலையிலிருந்து வந்தது என்பார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் வாயில் வூயி 'போஹியா' ஆகி, கறுப்புத் தேயிலைக்கே அது பெயராகிவிட்டது. 1762-ல் லின்னேயஸ் கறுப்புத் தேயிலைக்கு 'தேயா போஹியா', பச்சைத் தேயிலைக்கு 'தேயா விரிடிஸ்' என்று இரண்டு தனித்தனி இனங்களாகப் பெயர் வைத்தார். ஆனா ரெண்டும் ஒரே செடிதான். பறித்த இலையை வாடவிட்டு, நசுக்கி, காற்றில் நிறம் மாறவிட்டால் கறுப்பு. பறித்த கையோடு சூடு காட்டினால் பச்சை. இதை இன்று தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

இதே மாதிரி ஒரு பெயர்க் குழப்பம் இன்னொரு செடிக்கும் உண்டு. அதைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. இந்த நாட்டுக்குள் வருபவர்களிடம் முன்பு நிரப்பச் சொல்லிக் கொடுத்த வெள்ளை அட்டையில், போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று சிவப்பில் அச்சிட்டிருந்தார்கள். அந்தச் சிவப்பு எழுத்துக்குள் அடங்கியவற்றில் கஞ்சாவும் ஒன்று. மலாய் மொழியிலும் அதற்குப் பெயர் கஞ்சாதான். சொல் நம்ம பக்கத்திலிருந்து போனது.

'இண்டிகான்னா தூக்கம் வரும், சடிவான்னா உற்சாகம்' என்று இன்றைக்குப் பல பேர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் விற்பனை லேபிளே அப்படித்தான். இந்த 'இண்டிகா' எங்கிருந்து வந்தது என்று தேடினால் பாதை தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்புகிறது.

1753-ல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு 'கன்னபிஸ் சடிவா' என்று பெயர் வைத்தபோது, அவருக்கு நன்றாகத் தெரிந்தது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த சணல் வகை. 1785-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க், இந்தியாவிலிருந்து வந்த உலர்ந்த மாதிரிகளைப் பார்த்து, இது வேறு இனம் என்று 'கன்னபிஸ் இண்டிகா' என எழுதினார். அந்த மாதிரிகளைக் கொண்டுவந்தவர் சொன்னெரா. இந்தியாவில் பயணம் செய்து எழுதியவர், பிற்காலத்தில் புதுச்சேரியில் நெடுநாள் வாழ்ந்தவர். தண்டு கெட்டி, பட்டை மெல்லிசு, நாருக்கு ஆகாது, வாடை கடுமை, தலையைக் கிறங்க வைக்கும்: லமார்க் தந்த அடையாளங்கள் இவை. அவருக்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் பத்தாம் தொகுதியில் இந்தச் செடி படத்தோடு வந்துவிட்டது. அதில் லத்தீன் பெயரில்லை, கஞ்சாவு என்ற நாட்டுப் பெயர்தான். அந்த நூலுக்குச் செடிகளை அடையாளம் காட்டியவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர்.

வேடிக்கை என்னவென்றால், இன்று கடைகளில் 'இண்டிகா' என்று விற்பது லமார்க் பார்த்த செடி இல்லை. அகன்ற இலை, குட்டையான உருவம், சீக்கிரம் பூக்கும் குணம் கொண்ட ஆப்கானிஸ்தான் வகைக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தென்னிந்தியச் செடியோ ஒல்லி இலை, நெடுநெடுவென்ற உயரம், பூக்க நிறைய நாள் எடுக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகல் நேரம் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறாது. குளிருக்குப் பயந்து அவசரமாகப் பூக்க வேண்டிய தேவை அந்தச் செடிக்கு இல்லை. இடுக்கி மலையின் புகழ்பெற்ற நாட்டு ரகம் இந்தக் குடும்பம்தான். இன்றைய வியாபாரக் கணக்கில் அதை 'சடிவா' என்பார்கள். ஆக, இந்தியாவின் பெயரைத் தாங்கிய சொல் ஆப்கானியச் செடிக்குப் போனது, ஐரோப்பிய நார்ச் செடியின் பெயர் இந்தியச் செடிக்கு வந்தது. நெதர்லாந்து மாதிரிகளை வைத்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த லேபிள்களுக்கும் செடிகளின் மொத்த மரபணு உறவுக்கும் பெரிய தொடர்பில்லை, சில வாசனை வேதிப்பொருள்களோடுதான் தொடர்பு தெரிகிறது என்றது.

வளர்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படவே இல்லை. அவர்கள் பார்த்தது ஆண், பெண் வித்தியாசத்தைத்தான். கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தம் பட்டால் பெண் பூ விதை வைக்கப் போய்விடும், பிசின் குறையும். அதனால் வங்காளத்தின் நவகாவ் பகுதியில் ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கிப்போடுவதற்கென்றே 'போத்தார்' எனப்பட்ட நிபுணர்களைக் கூலிக்கு அழைத்தார்கள். அறுத்த பூக்கதிரைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் ஒரு ரகம், உருட்டினால் இன்னொரு ரகம். சென்னை மாகாணத்தில் வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையிலும் சாகுபடி நடந்தது. தேயிலையில் பார்த்த அதே கதை இங்கேயும் உண்டு: இலை என்றால் பாங்கு, பூ என்றால் கஞ்சா, பிசின் என்றால் சரஸ். ஒரே செடி, பதம்தான் வேறு. சித்த மருத்துவம் இதையே சிவமூலி என்று லேகியத்தில் சேர்த்தது. இந்தியாவின் 1985-ம் ஆண்டுச் சட்டம்கூடப் பூக்கதிர் சேராத தனி இலையைக் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே விட்டிருக்கிறது.

சரி, இது ஆளை என்ன செய்யும்? கிறக்கம் தரும் டிஎச்சி என்ற பொருளைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டறிந்தது 1964-ல், இஸ்ரேலில். பசி கூடும், நாடி வேகமாகும், நேரம் நீளும், சற்றுமுன் நடந்தது நினைவில் நிற்காது. சின்ன வயதிலிருந்தே வீரியம் கூடியதை விடாமல் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்து கூடும் என்பதும் இன்று தெரிந்த விஷயம். ஆனால் 'கஞ்சா அடிச்சா பைத்தியம்' என்ற வாசகம் இந்த அறிவியலைவிட வயதில் மூத்தது.

அந்த வாசகத்தைப் பரிசோதிக்கத்தான் 1893-ல் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்குக்காரரான கெய்ன் எழுப்பிய கேள்வி அதற்குக் காரணம். 1,193 சாட்சிகள், ஏழு தொகுதிகள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளைப் பற்றிய பகுதி. 1892-ல் பிரிட்டிஷ் இந்தியா முழுக்க விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகை என்று பதிவாகியிருந்தது. ஆணையம் ஒவ்வொரு ஆளின் வரலாறாகத் தோண்டியது. கடைசியில் 98 பேருக்குத்தான் கஞ்சாவையும் ஒரு காரணமாகச் சொல்ல முடிந்தது. மற்றவர்கள்? தெருவில் திரிந்தவரைப் போலீஸ் பிடித்து அனுப்பும். படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் இருக்கும். காலியாக விடக் கூடாது. கஞ்சா என்று எழுதிவிடுவார்கள். வருஷக் கடைசியில் அந்தக் கட்டங்களைக் கூட்டினால் புள்ளிவிவரம் தயார். தரவு பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும்: கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டத்தில் நிரப்புபவரின் முன்முடிவுதான் போய் உட்காரும். அளவோடு எடுத்தால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் தீங்கு, முழுத்தடை வேண்டாம், வரிபோட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று ஆணையம் முடித்தது.

உலகம் வேறு பக்கம் போனது. 1925-ல் ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியச் சணல் சேர்ந்தது, 1961-ல் ஐ.நா. ஒப்பந்தம் இறுக்கியது. 1970-களில் அமெரிக்க நீதிமன்றங்களில் லமார்க்கே சாட்சிக்கு வந்த மாதிரி ஆயிற்று. சட்டத்தில் இருப்பது 'சடிவா', எங்கள் கட்சிக்காரரிடம் பிடித்தது 'இண்டிகா'வாக இருக்கலாமே என்று வக்கீல்கள் வாதாடினார்கள். தாவரவியலாளர்கள் இரு பக்கமும் கூண்டேறினார்கள்.

மலேசியாவில் அந்தச் சந்துக்கு இடமில்லை. 1952-ம் ஆண்டுச் சட்டம் கன்னபிஸ் பேரினம் முழுவதையும் பிடிக்கிறது. 200 கிராம் இருந்தால், மறுத்து நிரூபிக்கும்வரை நீங்கள் கடத்தல்காரர். 1975-ல் மரண தண்டனை வந்தது, 1983-ல் அது கட்டாயமானது. அதன்பின் நீதிபதிக்கு வேலை எடை பார்ப்பதோடு முடிந்தது. ஆள் யார், யாருக்காகச் சுமந்தார், அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்விகளுக்குத் தண்டனையை மாற்றும் சக்தி இல்லாமல் போனது. நம்ம குடும்பங்களில் 'கஞ்சா கேஸ்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்த ரெண்டு சொல்லுக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

2023 ஜூலை 4-ம் தேதி கட்டாய மரண தண்டனை நீங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்குத் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வழி திறந்தது. பிறகு கூட்டரசு நீதிமன்றம் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. பலருக்குத் தூக்கு சிறைத்தண்டனையாக மாறியது. 130 வருஷத்துக்கு முன்னால் அந்த ஆணையம் 222 பேரின் கதையைப் பிரித்துப் பார்த்த அதே வேலை. பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளைப் பார்ப்பது.