நீல் தீவும் நீல் சிலையும்

அந்தமானின் நீல் தீவில் பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் எனக் கடற்கரைகள்தோறும் இராமகாதைப் பெயர்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறிய தீவு இது. லட்சுமண்பூரில் நீர் வடிந்த வேளையில் பவளப்பாறைகளின்மீது கவனமாக அடியெடுத்து வைத்து, இயற்கை சமைத்த பாறைப்பாலத்தைக் கண்டோம். அழகுதான், ஆயினும் தீவின் பெயர் எங்களை உறுத்தியது.

1857-இல் காசியிலும் அலகாபாத்திலும் கண்மூடித்தனமாகத் தூக்கிலிட்ட ஜேம்ஸ் நீல், சென்னைப் படைப்பிரிவொன்றின் தளபதி. அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வேறு! அதனை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றனர் நம்மவர். 1937-இல் இராஜாஜி அரசு அதனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. தீவோ 2018 டிசம்பரில்தான் ஷகீத் தீவு, அதாவது தியாகியர் தீவு, ஆயிற்று. 1943-இல் நேதாஜி அந்தமானுக்கு இட்ட பெயர் அது.

இத்தனையும் அறிந்திருந்தும், கப்பல் சீட்டு வாங்கும்போது நாங்களே 'நீல்' என்றுதான் கேட்டோம்.