சான்று கேட்கும் வகுப்பறை: திருச்சி மேல்நிலை வரலாற்றுப் பாடத்துக்குச் சில நெறிகள்

மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவருக்கு ஜூன் மாதத்தில் சொல்லப்படும் விதிகள் எல்லாப் பாடத்துக்கும் பொதுவானவை. நேரத்துக்கு வர வேண்டும், விடுப்புக்குக் கடிதம் வேண்டும், கைப்பேசி கூடாது, ஒப்படைப்பைக் குறித்த நாளில் தர வேண்டும். இவற்றில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் வரலாற்று வகுப்புக்கென்று தனியே ஒரு விதியும் இல்லாததைப் பெருங்குறையாகக் கருதுகிறேன். வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தைக் கையாள விதி இருக்கிறது. இறந்தவர்களைப் பற்றி, தங்களை அவர்களுடைய வாரிசுகளாக எண்ணும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அறையில் பேசுவதற்கு விதி இல்லை.

தமிழ்நாட்டு மேல்நிலைத் தேர்வில் வரலாற்றுக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அதன் பிறகு 2, 3, 5 மதிப்பெண்களில் ஏழேழு விடைகள். வகுப்பும் இந்தக் கணக்கின்படிதான் நடக்கிறது: புக் பேக் கேள்விகள், ஸ்பெஷல் கிளாஸ், மெல்லக் கற்போருக்குத் தனிக் கையேடு. மதிப்பெண் குறைந்தவர்களை வரலாறு உள்ள குரூப்பில் தள்ளிவிடும் பழக்கமும் இதோடு சேர, அவர்களிடம் எதிர்பார்ப்பது தேர்ச்சி மட்டுமே என்றாகிவிடுகிறது. 2018-19இல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூல் சான்றுகளைப் பற்றி நிறையவே பேசுகிறது. வகுப்பு நடைமுறை அந்த நூலுக்கு ஈடுகொடுக்கவில்லை.

திருச்சியில் இந்த இடைவெளி கூடுதலாக உறுத்தும். தில்லி சுல்தானியப் பாடத்தில் துக்ளக் மரபு வரும்போது, 1323ஐ ஒட்டி உலூக் கானின் படை திருவரங்கத்தைத் தாக்கிய செய்தியை யாராவது ஒரு பிள்ளை வீட்டுக் கதையாகக் கேட்டு வந்திருக்கும். நத்தர்வலி தர்காவை ஒட்டிய தெருக்களிலிருந்து வரும் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கும். பாடத்தில் இல்லை என்று ஆசிரியர் தாண்டிப் போகலாம். போனால் அந்தக் கதை விளையாட்டுத் திடலில் வேறு குரலில் தொடரும்.

தாண்ட வேண்டியதே இல்லை. அந்த நிகழ்வுக்கும் அதன் பின்விளைவுக்கும் ஒரே கோயிலுக்குள் மூன்று வகைச் சான்றுகள் இருக்கின்றன. முதலாவது விஜயநகரத் தளபதி கோபணார்யரின் வடமொழிக் கல்வெட்டு, இரண்டே செய்யுள். அஞ்சனாத்ரியிலிருந்து அரங்கனைக் கொண்டுவந்து, செஞ்சியில் சில காலம் வைத்திருந்து, துலுக்கரை வென்று, திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. ஆண்டு எண்ணாகச் செதுக்கப்படவில்லை. ‘பந்துப்ரிய’ என்ற தொடரின் எழுத்துகளைக் கடபயாதி முறையில் எண்ணாக்கி வலமிருந்து இடமாகப் படித்தால் சக 1293, அதாவது 1371-72 வரும். பதினாறு வயதுப் பிள்ளை தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இரண்டாவது கோயிலொழுகு. பல தலைமுறையினர் சேர்த்தெழுதிய அந்தக் கோயில் வரலாறும் வைணவ மரபும் அந்தக் கலகத்தில் மாண்டவர்களைப் பன்னீராயிரவர் என்கின்றன. கோபணார்யர் கல்வெட்டில் அந்த எண்ணிக்கை கிடையாது. மூன்றாவது துலுக்க நாச்சியார் சன்னிதி. அரங்கன் மீது காதல் கொண்ட சுல்தான் மகள் ஓவிய வடிவில் அங்கே வழிபடப்படுகிறாள். அவள் பொருட்டு ரொட்டி நிவேதனமாகிறது.

இந்த மூன்றில் எது உண்மை என்று கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது வரலாற்றுப் பயிற்சி ஆகாது. கல்வெட்டு, நிகழ்வுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து வென்ற தரப்பு வெட்டியது. ஒழுகு, கோயிலின் வழக்கங்களையும் கைங்கரிய உரிமைகளையும் பதிந்துவைக்க எழுந்தது. சன்னிதி, மக்கள் அந்த நினைவோடு வாழக் கண்டுகொண்ட வழி. பன்னீராயிரம் என்ற எண்ணை அப்படியே விடைத்தாளில் எழுதுவது தவறு. அந்த எண் ஐயத்துக்குரியது என்பதால் தாக்குதலே நடக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய தவறு.

இதிலிருந்தே வகுப்புக்கான விதிகள் கிடைக்கின்றன. ‘சான்று என்ன?’ என்று யாரும் யாரையும் கேட்கலாம்; ஆசிரியரைக் கேட்டாலும் அது மரியாதைக் குறைவில்லை. பதினான்காம் நூற்றாண்டு மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’, ‘நீங்கள்’ கூடாது. அரசன் பெயரையோ படையின் பெயரையோ சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடித்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும் என்பது என் துணிபு. சான்று கண்டு கருத்தை மாற்றிக்கொண்டவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது, கூட வேண்டும். ஒப்படைப்பைப் பொறுத்தவரை, பார்த்து எழுதாதே என்று மிரட்டுவதால் பயனில்லை. பாட்டி சொன்னதா, கைடா, யூடியூபா என்று ஒவ்வொரு செய்திக்கும் எதிரே எழுதச் சொன்னால் போதும். அந்த ஓரக்குறிப்பையே முதலில் திருத்த வேண்டும்.

களப்பயணத்துக்கும் ஒரு விதி தேவை. இந்து அல்லாதார் திருவரங்கம் கோயிலின் உட்பிராகாரங்களுக்குள் போக முடியாது. வகுப்பில் பாதிப் பேர் உள்ளே படிக்க, மீதிப் பேர் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பது பாடமாகாது. எல்லோரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடமே களமாக வேண்டும்: வீடும் கடையுமாக இருக்கும் வெளிச்சுற்றுத் தெருக்கள், இராணி மங்கம்மாள் மண்டபத்து அருங்காட்சியகம், உறையூர். உள்ளே இருக்கும் கல்வெட்டுகளை அச்சிலிருந்து வகுப்புக்குக் கொண்டுவரலாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் இந்தக் கோயிலுக்கே உரியது.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பொதுத்தேர்வுச் சுமை அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே 90ஐத் தொட வேண்டாம். அகமதிப்பீட்டின் 10இல் ஒப்படைப்புக்கு உள்ள பங்கை, எல்லோருக்கும் ஒன்றுபோல் போட்டுவிடாமல், இந்த வேலைக்குக் கொடுத்தால் போதும். மருது சகோதரர்களின் 1801 ஜூன் அறிக்கையிலிருந்து தொடங்கலாம். திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் அது ஒட்டப்பட்டது என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு சுவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், அந்தணர் முதல் முசல்மான்கள் வரை பெயர் சொல்லி அழைத்தது யாரை நம்பி, கும்பெனிக்கு எதிரான அறிக்கை கும்பெனி ஆவணங்கள் வழியாக நம்மை வந்தடைந்தது எப்படி என்று கேட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். இதற்கு இரண்டு பீரியட் போதும்.