கமடோர் 64: சேகரிப்பு, சீரமைப்பு, இணைப்பு

கமடோர் 64, கமடோர் நிறுவனம் 1982 முதல் 1994 வரை விற்ற வீட்டுக் கணினி. நினைவகம் 64 கிலோபைட் என்பதால் இந்தப் பெயர். விசைப்பலகைக்கு அடியிலேயே கணினி முழுவதும் அடங்கிவிடும். திரையாக வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே போதும். மின்விசையைப் போட்டதும் நீலத் திரை வரும். பேசிக் மொழிக்கு 38,911 பைட் இடம் காலியாக இருப்பதாக அறிவித்துவிட்டு, ‘ரெடி’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு சதுரம் மினுக்கிக்கொண்டிருக்கும். தொடர் எண்களை வைத்துப் பின்னாளில் போட்ட கணக்கின்படி விற்றவை சுமார் 1.25 கோடி. நிறுவனர் ஒரு விழாவில் 2 கோடிக்கும் 3 கோடிக்கும் இடையில் என்று சொன்னதை மிகை என்றே கொள்ள வேண்டும். இவ்வளவு விற்றதால்தான் பழங்கணினி சேகரிப்போர் கையில் இன்று எளிதாகக் கிடைக்கிறது; உதிரிப் பாகமும் அகப்படுகிறது.

வரலாறு

நிறுவனர் ஜாக் ட்ரமியெல் 1928இல் போலந்தின் வூட்ஜ் நகரில் பிறந்தவர். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். வட அமெரிக்காவுக்குக் குடியேறித் தட்டச்சுப்பொறித் தொழிலில் இறங்கினார். கமடோர் என்ற பெயர் டொரன்டோவில் பிறந்தது. தட்டச்சுப்பொறிக்குப் பிறகு கால்குலேட்டர் வந்தது. கால்குலேட்டருக்குச் சிப் விற்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே கால்குலேட்டர் சந்தையில் இறங்கி விலையைச் சரித்தபோது கமடோர் திண்டாடியது. இனி சிப்புக்காக யார் வாசலிலும் நிற்பதில்லை என்று 1976இல் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனத்தையே வாங்கிப்போட்டார் ட்ரமியெல்.

அந்தக் கொள்முதலோடு வந்தது 6502 நுண்செயலி. சக் பெடில் குழுவினர் 1975இல் 25 டாலருக்கு விற்று மற்ற நிறுவனங்களைத் திகைக்க வைத்த சிப் அது. ஆப்பிள் இரண்டாம் கணினிக்குள் இருந்ததும் அதுவே. கமடோர் அதை வைத்து 1977இல் பெட் கணினியையும், பிறகு விக்-20ஐயும் கொண்டுவந்தது. பத்து லட்சம் விற்ற முதல் கணினி விக்-20. அடுத்ததாக ஆல் சார்பென்டியர் படத்துக்கான விக்-2 சிப்பையும், பாப் யான்ஸ் ஒலிக்கான சிட் சிப்பையும் வடித்தார்கள். யான்ஸ் பின்னாளில் என்சோனிக் என்ற மின்னிசைக் கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர். சிட் சிப்பின் மூன்று குரல்களைக் கேட்டால் அவர் மனம் அப்போதே எங்கே இருந்தது என்று தெரியும். 1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் 64 காட்டப்பட்டது. விலை 595 டாலர். முக்கியச் சிப்கள் சொந்தத் தொழிற்சாலையில் உருவானதால் அந்த விலைக்குக் கட்டுப்படியானது.

1984 ஜனவரியில் ட்ரமியெல் சொந்த நிறுவனத்திலிருந்து வெளியேறினார். அதே ஆண்டு ஜூலையில் போட்டியாளரான அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கினார்.

டிரைவும் கேபிளும்

கமடோர் 64ஐச் சேகரிப்பவர் எவரும் 1541 என்ற வட்டு டிரைவைத் தவிர்க்க முடியாது. ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டின் ஒரு பக்கத்தில் 35 தடங்கள், 683 பகுதிகள், பகுதிக்கு 256 பைட். வெளித்தடம் நீளமானது என்பதால் அதில் 21 பகுதிகள், உள்தடத்தில் 17 மட்டும். பெயர்ப் பட்டியல் நடுவில் 18ஆம் தடத்தில் இருக்கும். தலை எந்தப் பக்கம் போனாலும் அதிக தூரம் இல்லை. பட்டியலுக்குப் போக மீதி 664 பகுதிகள். வட்டின் ஓரத்தில் இன்னொரு சதுர வெட்டுப் போட்டுத் திருப்பிச் செருகினால் மறுபக்கமும் எழுதும். காகிதத் துளைப்பானால் வட்டுக்கு இரட்டை ஆயுள் கொடுத்த தலைமுறை அது.

இந்த டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 செயலியும், 2 கிலோபைட் நினைவகமும், 16 கிலோபைட் ரோமும் இருக்கின்றன. அதாவது டிரைவே ஒரு கணினி. 64 கேட்கும், 1541 தானே தேடி எடுத்துத் தரும். இவ்வளவு மூளை இருந்தும் அது தகவலை அனுப்பும் வேகம் நொடிக்கு 400 பைட் அளவில்தான். நினைவகம் நிறையும் ஒரு விளையாட்டை ஏற்ற ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். காரணம் டிரைவில் இல்லை, கேபிளில் இருக்கிறது.

பெட் கணினி ஐ-டிரிபிள்-ஈ 488 என்ற தரத்தில் டிரைவோடு பேசியது. ஹியூலெட் பேக்கர்டின் ஆய்வுக்கூடக் கருவிகளுக்காக உருவான தரம் அது. ஒரே நேரத்தில் எட்டு பிட் போகும், வேகமும் நன்று. கேபிள்தான் தலைவலி; விலை அதிகம், வேண்டிய அளவு கிடைக்கவும் இல்லை. கனடாவின் கணினி எழுத்தாளர் ஜிம் பட்டர்ஃபீல்ட் எழுதியபடி, கேபிள் பஞ்சத்தில் சினந்த ட்ரமியெல் அடுத்த கணினியில் இந்த இணைப்பே கூடாது என்று கட்டளையிட்டார். ஆகவே விக்-20க்கு பிட் பிட்டாக ஒற்றைக் கம்பியில் அனுப்பும் சீரியல் இணைப்பு வந்தது. ஆறு ஊசிகள் கொண்ட வட்டச் செருகி, மலிவான கேபிள்.

அந்த பிட்களை வேகமாகத் தள்ள விக்-20இன் 6522 சிப்பில் தனிப் பதிவகம் ஒன்று இருந்தது. அதில் குறை, சில சமயம் ஒரு பிட் தவறிவிடும். குறையைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. எனவே செயலியே மென்பொருள் வழியாகக் கம்பியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பிட்டையும் கையால் அனுப்புவது போல அனுப்பியது. 64இல் 6522க்குப் பதிலாக 6526 வந்தது, குறை நீங்கியது. வேக இணைப்புக்கான கம்பிகளும் போர்டின் வரைபடத்தில் இருந்தனவாம். உற்பத்திக்குப் போகும் வழியில் அவை போர்டிலிருந்து விழுந்துபோயின என்று கமடோரில் பணிபுரிந்த ராபர்ட் ரஸ்ஸல் பின்னாளில் சொன்னார். சிக்கனத்துக்காக வேண்டுமென்றே எடுத்தார்கள் என்ற பேச்சும் உண்டு. தவறு என்பதே பொருந்துகிறது.

இன்னொரு அடியும் காத்திருந்தது. விக்-2 சிப் திரையில் எழுத்து வரிசை ஒவ்வொன்றையும் தொடங்கும்போது செயலியை நாற்பது சுழற்சி அளவுக்கு நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியில் டிரைவ் பிட்டை அனுப்பினால் 64 அதைப் பார்க்காது. பழைய 1540 டிரைவ் விக்-20இன் வேகத்துக்குப் பேசியது. 64க்காக அதன் ரோமை மாற்றி, ஒவ்வொரு பிட்டையும் இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்து வைத்திருக்கச் சொன்னார்கள். மெதுவாக்கப்பட்ட அந்த 1540தான் 1541. 1985இல் வந்த கமடோர் 128உம் 1571 டிரைவும் வேக இணைப்பை ஒருவழியாகக் கொண்டுவந்தன. அதற்குள் வீடுதோறும் 1541 குடிபுகுந்துவிட்டது.

டிரைவுக்குள் கணினி இருந்தது இங்கே கைகொடுத்தது. வேகமாக ஏற்றும் நிரல்கள் முதலில் டிரைவின் 2 கிலோபைட்டுக்குள் தங்கள் சொந்த நிரலைச் செலுத்தி, இரு பக்கமும் புதிய பேச்சுமுறைக்கு ஒப்புக்கொள்ள வைத்தன. வேகம் ஐந்து மடங்கும் பத்து மடங்கும் ஏறியது.

டிரைவின் சத்தத்தையும் சொல்ல வேண்டும். தலை எந்தத் தடத்தில் நிற்கிறது என்று சொல்லும் உணரி இதில் கிடையாது. வட்டில் பிழை தென்பட்டால் தலையை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போய்த் தடுப்பில் மோதவிட்டு, இதுதான் முதல் தடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். மோதும்போது கடகடவென்று தகரப் பெட்டிக்குள் ஆணி உருள்வது போல ஒலிக்கும். விளையாட்டு விற்ற நிறுவனங்கள் நகலெடுப்பதைத் தடுக்க வட்டில் வேண்டுமென்றே பிழை வைத்தன. ஒவ்வொரு முறையும் மோதி மோதித் தலை இடம் நகர்ந்து, கடையில் கொடுத்து நேர்படுத்த வேண்டியதாயிற்று.

வகைகள்

முதல் வகை தவிட்டு நிற, மேடான உறை கொண்டது. ஜெர்மானியர் இதை ரொட்டிப் பெட்டி என்றே அழைத்தார்கள். 1986இல் தட்டையான வெளிர்நிற 64சி வந்தது. சேகரிப்பவருக்கு உறையைவிட உள்ளிருக்கும் போர்டின் எண் முக்கியம். 326298 என்ற முதல் போர்டில் படச் செருகி ஐந்து ஊசி. 250407இல் எட்டு ஊசியாகி, ஒளியும் நிறமும் தனித்தனியே வெளிவந்தன. அடுத்தது 250425. 250466இல் எட்டு நினைவகச் சிப்கள் இரண்டாகச் சுருங்கின. 250469 சிறிய போர்டு. சிட் சிப்பும் 6581இலிருந்து 8580 ஆனது. முன்னதற்கு 12 வோல்ட், பின்னதற்கு 9 வோல்ட். மாற்றிச் செருகினால் சிப் பாழாகலாம். ஐந்தங்குல வண்ணத் திரையும் வட்டு டிரைவும் ஒரே பெட்டியில் கொண்ட எஸ்.எக்ஸ்-64 தனி இனம். தூக்கிச் செல்லக்கூடிய முதல் வண்ணக் கணினி. சேகரிப்போர் இதற்கு அதிக விலை கொடுக்கிறார்கள்.

சீரமைப்பு

கைக்கு வந்த 64ஐ முதலில் மின்வழங்கியோடு இணைத்துப் பார்க்கும் ஆசை வரும். அதுதான் செய்யக் கூடாதது. அசல் மின்வழங்கி எப்பாக்சி ஊற்றி அடைத்த செங்கல் மாதிரி இருக்கும். சூடு வெளியேற வழியில்லை. உள்ளே 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிச் சாகும்போது வெளியீடு குறையாமல் ஏறும், ஏறிய மின்னழுத்தம் நினைவகச் சிப்களைக் கொன்றுவிடும். மல்டிமீட்டரை எடுத்து, ஏழு ஊசிச் செருகியின் இரண்டாம் ஊசிக்கும் ஐந்தாம் ஊசிக்கும் இடையே அளக்க வேண்டும். 5.25க்கு மேல் காட்டினால் அப்படியே குப்பைக்கு. சரியாகக் காட்டினாலும் நம்பக் கூடாது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடானதும் எகிறும் ரகம் நிறைய. புதிதாகச் செய்த மின்வழங்கி வாங்குவதே புத்திசாலித்தனம்.

திரை கறுப்பாகவே இருந்தால் முதல் சந்தேகம் பி.எல்.ஏ. சிப்பின் மேல். எந்த முகவரி எந்தச் சிப்புக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அது. சூடேறிச் சாவதில் பேர்போனது. அடுத்தது நினைவகம். ‘டெட் டெஸ்ட்’ என்ற சோதனைப் பெட்டியைப் பின்னால் செருகினால், எட்டுச் சிப்பில் எத்தனையாவது கெட்டது என்று திரை அத்தனை முறை மின்னிக் காட்டும். எம்.டி. முத்திரையுள்ள நினைவகச் சிப் இருந்தால் சோதனைக்கு முன்பே பழியை அதன் மேல் போடலாம். சிப்பைத் தொட்டுப் பார்ப்பதும் பழைய வித்தை. மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் விரலைச் சுட்டால் அதுவே குற்றவாளி. விக்-2 எப்போதுமே சுடும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மின்தேக்கிகளை ஒன்றுவிடாமல் மாற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. 64இல் அது பெரும்பாலும் வீண் வேலை. சால்டர் எடுக்கும்போது போர்டின் செம்புத் தடம் உரிந்ததுதான் மிச்சம்.

விசை சரியாக விழவில்லை என்றால் பலகையைக் கழற்றி, ரப்பர் அடியிலுள்ள கரித்தொடுமுனைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இருபதுக்கு மேல் சின்னத் திருகாணிகள் இருக்கும். ஷிப்ட் லாக் விசையின் இரண்டு கம்பிகளைச் சால்டர் எடுக்காமல் இழுத்தால் அறுந்துவிடும். கடைசியாக உறையை வெளுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் தீத்தடுப்புக்காகக் கலந்த புரோமின் சேர்மமும் வெளிச்சமும் சேர்ந்து மஞ்சளாக்கியதை ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் மீட்கும். 2008 முதல் பரவிய முறை. விளக்கு வாங்க வேண்டாம், சித்திரை வெயில் போதும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு.

இணைப்பு

படத்துக்கு ஒளி, நிறம் இரண்டையும் தனித்தனியே எடுத்து எஸ்-வீடியோவாகக் கொடுப்பதே நல்லது. நிறக் கம்பியில் 300 ஓம் அளவில் ஒரு மின்தடை சேர்க்காவிட்டால் வண்ணம் கொழுந்துவிட்டு எரியும். இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகள் பல இந்தச் சிக்னலை ஏற்க மறுப்பதால் இடையில் ஒரு மாற்றி வேண்டும்.

வட்டுக்குப் பதிலாக எஸ்.டி. அட்டையைச் செருகும் கருவிகள் இரண்டு விதம். எஸ்.டி.2ஐ.இ.சி. வகை, டிரைவின் பேச்சை மட்டும் பாவிக்கும். உள்ளே 6502 இல்லாததால், டிரைவுக்குள் தன் நிரலைச் செலுத்தும் விளையாட்டுகள் பலவற்றில் திணறும். பை1541, 1541 அல்டிமேட் ஆகியவை அந்தச் செயலியையும் சேர்த்தே சுழற்சிக்குச் சுழற்சி நடிக்கும், விலையும் கூடுதல். பழைய வட்டுகளிலுள்ளதைக் காப்பாற்றி எடுக்க, ஜூம்ஃப்ளாப்பி என்ற சிறு பலகை 1541ஐ யு.எஸ்.பி. வழியாக இன்றைய கணினியோடு சேர்க்கிறது. பூஞ்சை பிடித்த வட்டைத் துடைக்காமல் செருகினால் தலையும் கெடும், வட்டும் சுரண்டப்படும். தொலைபேசி வழி இணைப்பும் 64க்கு அந்நாளில் இருந்தது: 1985இல் தொடங்கிய குவாண்டம் லிங்க் சேவை இதற்கென்றே உருவானது, பிற்காலத்தில் அதுவே அமெரிக்கா ஆன்லைன் ஆயிற்று.

இன்றைய நிலை

கமடோர் 1994இல் திவாலானது. பெயர் பல கைகள் மாறி, 2025இல் புதிய உரிமையாளரிடம் சேர்ந்து, புதிய கமடோர் 64 அறிவிக்கப்பட்டது. அதன் பின்பக்கத்திலும் 1541க்கான அந்த ஆறு ஊசித் துளை இருக்கிறது.