எரித்திம அளவு

எரித்திம அளவு என்பது தோலைச் சிவக்கச் செய்யத் தேவைப்படும் எக்சு-கதிரின் அளவாகும். 1895 இல் ரோண்ட்கன் எக்சு-கதிரைக் கண்டறிந்த பின், நம்பகமான அளவி இல்லாத காலத்தில் மருத்துவர்கள் தோலையே அளவுகோலாகக் கொண்டனர். சிலர் குழாயின் முன் தம் கையையே நீட்டிச் சோதித்தனர். விரல்களை இழந்தோரும் புற்றுநோயால் இறந்தோரும் அவர்களுள் உண்டு. முழுச் சிவப்பு தெரியச் சில நாட்களாகும். அதற்குள் கொடுத்த கதிரைத் திரும்பப் பெற இயலாது. தோலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கறுத்த தோலில் சிவப்பைக் காண்பதே கடினம். ஆயினும் 1925 இல் முட்செல்லர், பணியாளருக்கான மாத வரம்பாக இவ்வளவில் நூறில் ஒரு பங்கையே பரிந்துரைத்தார். 1928 இல் ஸ்டாக்ஹோம் மாநாடு காற்றின் அயனியாக்கத்தை அடிப்படையாகக் கொண்ட ரோண்ட்கன் அலகை ஏற்றது. அதன்பின் இச்சொல் வழக்கு மெல்லக் குறைந்தது.