சீனச்சட்டியும் மேற்குமலை மிளகும்

சீனாவுக்குப் போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெருஞ்சுவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பேரம் பேசிய கதையைத்தான் சொல்வார்கள். கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு விலையைத் தட்டிக் காட்டுவாராம், நாம் அதில் கால்வாசியைத் தட்டிக் காட்ட வேண்டுமாம்! இது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சீன நகரங்களில் நம் ஆட்கள் கொடுக்கல் வாங்கல் செய்து ஆயிரம் வருஷம் ஆகிறது.

1077-ல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவின் சோங் அரசவைக்குப் போனது. யானைத் தந்தம், கற்பூரம், பன்னீர், பெருங்காயம், கிராம்பு எல்லாம் கொண்டுபோனார்கள். பதிலுக்குக் கிடைத்தது 81,800 கோவை செப்புக் காசு. ஒரு கோவை என்றால் கணக்குக்கு ஆயிரம் காசு. பெயர்தான் காணிக்கை, நடந்தது சுத்தமான வியாபாரம். தஞ்சைப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அடுத்த விஷயம் பிடிக்கும். வெளிநாட்டுச் சரக்கு வாங்கி வாங்கியே செப்புக் காசெல்லாம் கடல் தாண்டிப் போகிறதே என்று சீன அரசு கவலைப்பட்டது. 1219-ல், இனிமேல் காசுக்குப் பதில் பட்டும் பீங்கானும் கொடுங்கள் என்று உத்தரவு போட்டது. இன்றைக்குச் சீனாவோடு வர்த்தகப் பற்றாக்குறை என்று நாம் கவலைப்படுகிறோம். அன்றைக்கு அந்தக் கவலை அவர்களுக்கு!

தமிழ் வணிகர்கள் போனோம் வந்தோம் என்று இருந்துவிடவில்லை. தென்கிழக்குச் சீனத் துறைமுகமான சுவான்சோவில் 1281-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் கல்வெட்டு அது. அதே துறைமுகத்துக்கு வந்து குவிந்த மிளகைப் பார்த்து மார்க்கோ போலோவே வியந்திருக்கிறார்.

அந்த மிளகு எங்கே விளைந்தது? மேற்கு மலையிலும்தான். கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ மேற்கே பார்த்தால் தெரியும் அதே மலைத்தொடர். அந்தப் பக்கம் இறங்கினால் கொச்சிக் கடற்கரை. செங் ஹேயின் கப்பலில் வந்த மா ஹுவான், மலையில் மிளகு பயிரிடுகிறவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கோழிக்கோட்டில் நடந்த பேரத்தையும் எழுதியிருக்கிறார். சீனப் பட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து விலை பேசுவார்களாம். செட்டிகளின் முத்து, ரத்தினத்துக்கு விலை படிய ஒரு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூட ஆகுமாம். படிந்த பிறகு எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு, லாபமோ நஷ்டமோ இனி மாற மாட்டோம் என்று உறுதி சொல்வார்களாம். கணக்குப் போட மணிச்சட்டம் கிடையாது. கைவிரல், கால்விரல் இருபதும் போதும், ஒரு பிசகும் வராது என்று ஆச்சரியப்படுகிறார் மனிதர்.

என்னை யோசிக்க வைத்தது இந்தக் கைப்பிடிதான். அங்கே இரண்டு தரப்புக்கும் வேண்டாம் என்று சொல்லும் தெம்பு இருந்தது, காத்திருக்க நேரமும் இருந்தது. இன்றைக்குக் குமுளிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் நூறு கிராம் ஏலக்காய்க்குக் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கிறார்கள். அதே ஆட்கள் பெரிய கடையில் அச்சடித்த விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருவார்கள். போடியில் ஏலத்துக்கே ஏலம் நடக்கிறது, கம்ப்யூட்டர் திரையில். வியாபாரிகள் பொத்தானை அழுத்துகிறார்கள், நொடியில் விலை முடிந்துவிடுகிறது. காய் பறித்த கைக்கும் பையில் போடுகிற கைக்கும் நடுவே கைகுலுக்கல் எதுவும் இல்லை. கடன் தவணை நெருங்கும் சிறு விவசாயியால் மூன்று மாதம் காத்திருக்க முடியுமா? காத்திருக்க முடியாதவர் பேசுவது பேரமே இல்லை, சம்மதம் மட்டும்தான்.

அதனால் பேரமே பேசாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நம் முன்னோர் சளைக்காமல் பேசியிருக்கிறார்கள். எதிரில் நிற்பவரால் நம்மிடம் முடியாது என்று சொல்ல முடியுமா என்று மட்டும் ஒரு நிமிஷம் பாருங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. நம் அடுப்பில் வடை வேகிற இரும்புச் சட்டிக்கு என்ன பெயர்? சீனச்சட்டி! அந்தப் பழைய வியாபாரத்தின் நினைவுப் பொருள் நம் சமையலறையிலேயே இருக்கிறது.