லீவுக்கு முந்திய கடிதம்

யுத்தகளத்துக் கடிதங்கள் என்றால், சாவுக்கு முந்திய கடிதங்களைத்தான் எல்லோரும் தேடி எடுத்து அச்சிடுகிறார்கள். நாளை விடியற்காலை தாக்குதல் என்று மனைவிக்கு எழுதுகிறவனுக்குள்ள கம்பீரம், அடுத்த வாரம் வந்தாலும் வருவேன், வெந்நீர் போட்டு வை என்று எழுதுகிறவனுக்கு ஏது? ஆனால் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இரண்டாமவன் கடிதத்தில்தான் ருசி அதிகம். சாகப் போகிறவன் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். லீவில் வருகிறவனோ தான் எழுதியதற்கெல்லாம் வீட்டுக்காரி முன்னால் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

1914-இல் மூண்ட முதல் உலக மகாயுத்தத்தையே எடுத்துக்கொள்ளுவோம். பிரெஞ்சு தேசத்து மண்ணில் வெட்டிய பதுங்கு குழிகளில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நாலு வருஷம் கிடந்தார்கள். தூரம் என்று பார்த்தால் அதிகமில்லை. காற்று வாட்டமாக அடித்தால் இங்கிலாந்தின் கெண்ட் ஜில்லாவில் கொல்லையில் துணி உலர்த்துகிற பெண்ணுக்குப் பீரங்கிச் சத்தம் கேட்கும். அவள் கணவன் எழுதிய கடிதம் சுமாராக இரண்டே நாளில் அவள் கைக்கு வந்துவிடும். லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் ஐந்து ஏக்கர் பரப்பில் ஒரு மரக் கொட்டகை போட்டு, பெரும்பாலும் பெண்களாகவே 2,500 பேரை வைத்து, பட்டாளத்துக்குப் போகும் தபாலைப் பிரித்தார்கள். உச்சமான காலத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள்! சோறு நேரத்துக்குப் போகாவிட்டாலும் தபால் போயாக வேண்டும் என்பது அந்த யுத்தத்தை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடிதம் இரண்டு நாளில் வந்துவிடும், சரி. அதற்குள் என்ன இருக்கும்? சிப்பாய் எழுதுவதை அவனுடைய சொந்த அதிகாரி படித்துப் பார்ப்பார். அநேகமாக இருபது வயசுகூட நிரம்பாத பிள்ளையாண்டான் அவர். மூன்று குழந்தைகளின் தகப்பன் மனைவிக்கு எழுதுகிற அந்தரங்கத்தை, மீசை அரும்பாத இந்தப் பையன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இருவருக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஊர்ப் பெயர் எழுதக்கூடாது, படைப்பிரிவு எங்கே நகர்கிறது என்று சொல்லக்கூடாது. 'பிரான்ஸில் எங்கேயோ' என்பதுதான் விலாசம். 1915-இலிருந்து பச்சை உறை என்று ஒன்று கொடுத்தார்கள். உள்ளே குடும்ப விஷயம்தான் இருக்கிறது என்று சத்தியமாகக் கையெழுத்துப் போட்டால் சொந்த அதிகாரி பிரிக்க மாட்டார். பின்னால் தளத்தில் முகம் தெரியாத யாராவது பிரித்தாலும் பிரிக்கலாம். அதுவும் கணக்காகத்தான் கிடைக்கும்.

அவசரத்துக்கு அச்சடித்த கார்டு ஒன்று உண்டு. நான் சுகம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உன் கடிதம் கிடைத்தது, வெகு நாளாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போடலாம். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் கார்டையே கிழித்துப் போட்டுவிடுவார்கள். சர்க்கார் யோசித்து யோசித்து அச்சடித்த அந்த வரிகளில் 'லீவில் வருகிறேன்' என்று மட்டும் ஒரு வரி இல்லை. அது மறதியாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். எந்த மேலதிகாரியும் உத்தரவாதம் கொடுக்க முடியாத செய்தி உலகத்தில் அது ஒன்றுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை லீவு கிடைத்தால் சாதாரணச் சிப்பாய் அதிர்ஷ்டக்காரன். ஒன்றரை வருஷமாகக் குழந்தை முகம் பார்க்காதவர்கள் 1917-இல் ஏராளமாக இருந்தார்கள். முறை வந்தாலும், புறப்படுகிற நிமிஷம்வரை நிச்சயமில்லை. பெரிய தாக்குதல் வந்தால் லீவு ரத்து. 1918 மார்ச் 21-ஆம் தேதி ஜெர்மானியர்கள் பாய்ந்தபோது அத்தனை பேருடைய லீவும் நின்றது. ஆகவே புருஷன் என்ன எழுதுவான்? என் பெயர் பட்டியலில் மேலே வந்திருக்கிறது, ஆனால் நம்பாதே என்று எழுதுவான். ரெயிலைச் சொல்ல மாட்டான், நாளையும் சொல்ல மாட்டான். அவள் நம்பாமல் இருப்பாளா? அன்றைக்கே திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டிருப்பாள்.

அவளை நினைத்தால்தான் எனக்குச் சங்கடம். வாசலில் தபால்காரர் தட்டுகிறார். அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி வரும். சிப்பாய் இறந்தால் தபாலில் ஓர் அச்சுத்தாள், அவ்வளவுதான். ஆக, 'வருகிறேன்' என்பதும் 'இனி வரமாட்டான்' என்பதும் ஒரே பைக்குள், ஒரே மனிதர் தோளில்தான் வரவேண்டும். கதவைத் திறக்கப் போகிறவளுக்குக் கால் எப்படி எழும்பியிருக்கும்?

வருகிறவனும் பூலோன் துறைமுகத்தில் கப்பலேறி, போக்ஸ்டனில் இறங்கி, விக்டோரியா ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தான். தோளில் துப்பாக்கி, பூட்ஸில் பிரெஞ்சுச் சேறு, சட்டை மடிப்பெல்லாம் சீலைப்பேன். மனைவி கட்டிக்கொள்ள வந்தால் ஓர் அடி பின்வாங்கியவர்கள் உண்டு. சுகமாக இருக்கிறேன் என்று மாதக்கணக்கில் எழுதியவன் எப்படி இருந்தான் என்பது அந்தச் சட்டையை உருவும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கடிதமும் அவனும் கடந்து வந்தது ஒரே கால்வாயைத்தான். சில வீடுகளில் அவன் முந்திக்கொண்டு, மறுநாள் காலையில் தன் கடிதத்தைத் தானே வாங்கியிருக்கவும் கூடும்.

பிரெஞ்சுக்காரனுக்கு யுத்தம் அவன் சொந்த மண்ணிலேயே நடந்தது. இருந்தும் முதல் பதினொரு மாதம் அவனுக்கு லீவு என்ற பேச்சே இல்லை. 1915 ஜூலையில்தான் தளபதி ஜோபர் அனுமதித்தார். 1917-இல் பிரெஞ்சுப் பட்டாளங்கள் முரண்டு பிடித்தபோது, அவர்கள் கேட்டவற்றில் லீவும் ஒன்று. பெத்தேன் நாலு மாதத்துக்கு ஏழு நாள் என்று கொடுத்து ஆட்களைச் சமாதானப்படுத்தினார்.

இதே குழிகளில் நம் தேசத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1914 செப்டம்பர் கடைசியில் மார்ஸேல்ஸில் முதல் கப்பல் இறங்கியது முதல், யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 இந்தியர்கள் பிரான்ஸுக்குப் போனார்கள். பஞ்சாபிகள், கட்வாலிகள், பட்டாணியர், கூர்க்கர் எனப் பலர். பத்து நாள் லீவை வைத்துக்கொண்டு பஞ்சாபுக்குப் போய்வர முடியுமா? கடல் பிரயாணத்துக்கே வாரக்கணக்கில் வேண்டும். காயம்பட்டால் பிரைட்டனில் பழைய ராஜமாளிகையையே ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்கள். காயம் ஆறியதும் மறுபடி குழிக்கு. இந்த ஒன்றைத்தான் அவர்களால் பொறுக்கவே முடியவில்லை.

எழுதத் தெரியாதவன் எழுத்துக்காரனிடம் சொல்லுவான். ரெஜிமெண்டில் வெள்ளைக்கார அதிகாரி பார்ப்பார். பிறகு பூலோனில் கேப்டன் ஹவல் என்பவரின் தணிக்கை அலுவலகம். ஊரில் வாத்தியாரோ தபால்காரரோ உரக்க வாசிக்க, மாமியார், மைத்துனர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேரைத் தாண்டி வருகிற கடிதத்தில் மனைவிக்கென்று எதைச் சொல்ல? சிலர் மிளகைப் பற்றி எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, சிவப்பு கொஞ்சமாகத்தான் செலவாகிறது என்று! கறுப்பு நம்மவர், சிவப்பு வெள்ளைக்காரர் என்பது தணிக்கைக்காரருக்குப் புரிய வெகு நாள் ஆகவில்லை. வேடிக்கை என்னவென்றால், கிராமத்துப் பெட்டிகளில் போட்டுவைத்த கடிதங்கள் செல்லரித்துப் போக, தணிக்கைக்காரர் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. 1999-இல் டேவிட் ஒமிஸ்ஸி அவற்றில் பலவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். மிளகுக்காரனைப் பிடிக்க எடுத்த நகல்தான் அவன் குரலை நம் காதுவரை கொண்டுவந்தது.

1915 முடிவில் இந்தியக் காலாட்படையை பிரான்ஸிலிருந்து எடுத்தார்கள். மார்ஸேல்ஸில் கப்பலேறி, சூயஸ் தாண்டிக் கிழக்கே போனார்கள். ஊர் இருந்ததும் கிழக்கேதான். அவர்களைப் பஸ்ராவில் இறக்கி, கூட் நகரத்தை மீட்க நடக்கச் சொன்னார்கள்.